ஆளு போயாச்சு, தபால் போகல

போன ஜூன் மாசம். மத்தியானம். ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு இருக்கேன். வாசல்ல தபால் வண்டி சத்தம்.

அடுப்பைக் குறைச்சு வெச்சுட்டுப் போய் பெட்டியைத் திறந்தா மூணே மூணு தபால். மளிகைக்கடை கூப்பன். "உங்க கூரையை மாத்தித் தர்றோம்"னு ஒரு விளம்பரம் (எங்க கூரைக்கு என்ன குறைச்சல்னு தெரியல, மாசம் ரெண்டு வருது). அப்புறம் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) கவர்.

ஐ.ஆர்.எஸ். கவர்னா இந்தத் தொழில்லயே இருக்கற எனக்கும் வயித்துல லேசா புளியைக் கரைக்கும். பிரிச்சேன். பாக்கி கட்டச் சொல்லி முதல் நோட்டீஸ், சி.பி. 14. கட்டு, 21 நாள்ல கட்டு, இல்லன்னா வட்டி ஏறும். சரி, யார் கட்டணும்?

பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உள்ள கடுகு கருகிடுச்சு.

அந்தப் பையன் என்னை விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.

(ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. கிளையண்ட்.)

புதுசா படிக்கறவங்களுக்காக: நான் நியூ ஜெர்ஸி எடிசன்ல, வீட்டு பேஸ்மென்ட்ல ஒரு மேஜை, ரெண்டு மானிட்டர், ஒரு அயர்ன் பாக்ஸ் இவ்வளவையும் வெச்சு வரி ஆபீஸ் நடத்தறவ. என்ரோல்ட் ஏஜென்ட். கும்பகோணத்துல எங்கம்மா பக்கத்து வீட்டுல "பொண்ணு அங்க ஏஜென்ட்டா இருக்கா"ன்னு சொல்லப்போக, அவங்க இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்னு நினைச்சு பாலிசி விவரம் கேட்டாங்க. இங்க இருக்கற நம்மாளுங்க சிலபேர் நேரெதிர். ஐ.ஆர்.எஸ். ஆளுன்னு நினைச்சுக்கிட்டு விருந்துல என்னைக் கண்டா பேச்சைக் குறைச்சுக்கறாங்க. நான் அவங்க ஆளு இல்லைங்க. அவங்க முன்னாடி உங்களுக்காக நின்னு பேசறதுக்கு லைசென்ஸ் வாங்கின ஆளு. மூணு பேப்பர் பரீட்சை எழுதி, மூணு வருஷத்துக்கு 72 மணி நேரம் வகுப்பு கேட்டு, அந்த லைசென்ஸைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்.

இந்தப் பதவி எப்படி வந்துச்சுன்னா, குதிரையால. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சதும், "என் குதிரை போச்சு, காசு குடு"ன்னு அரசாங்கத்துக்கிட்ட ஏகப்பட்ட பேர் வந்து நின்னாங்க. செத்த குதிரையெல்லாம் திடீர்னு பந்தயக் குதிரை விலைக்குப் போக ஆரம்பிச்சுது. அடுத்தவனுக்காக வந்து பேசறவன் ஒழுங்கான ஆளாதான் இருக்கணும்னு 1884-ல ஒரு சட்டம் போட்டாங்க. எங்க வம்சாவளி அங்கதான் ஆரம்பம்.

சரி, கவருக்கு வர்றேன்.

2021-ல அந்தப் பையனும் அவன் வொய்ஃபும் என் சமையலறை மேஜையில உக்காந்து அழாத குறையா ஒரு நோட்டீஸை நீட்டினாங்க. 2019 வருஷத்துக்கு சி.பி. 2000. கம்பெனி குடுத்த பங்கை வித்திருக்கான். அந்தப் பங்கோட மதிப்பு ஏற்கெனவே சம்பளத்துல சேந்து வரியும் பிடிச்சாச்சு. ஆனா ப்ரோக்கர் அனுப்பின 1099-பி-ல அடக்கவிலை பூஜ்யம். இவன் ரிட்டர்ன்ல அந்த விற்பனையையே காட்டல ("அதான் வரி பிடிச்சுட்டாங்களே அக்கா"). கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? வித்த காசு மொத்தமும் லாபம்னு எடுத்துக்கிட்டு, 11,400 டாலர் எடுன்னு சொல்லிடுச்சு. கணக்கை ஒழுங்கா எழுதி அனுப்பினதும் 230 டாலர்ல முடிஞ்சுது.

அதுக்காக அன்னிக்கு வாங்கினதுதான் ஃபார்ம் 2848. பவர் ஆஃப் அட்டர்னி. இவங்க சார்பா ஐ.ஆர்.எஸ்.கிட்ட நான் பேசலாம், ஃபைலைப் பாக்கலாம், பதில் எழுதலாம்னு அவங்க எழுதித் தர்றது. (பவர்னதும் பயந்துடாதீங்க. உங்க ரீஃபண்ட் செக்குல கையெழுத்துப் போட்டு என் கணக்குல போட்டுக்க அது அனுமதிக்காது. ஆனா வரி போடறதுக்கான காலக்கெடுவை நீட்டிக்க உங்களுக்காக நான் சம்மதக் கையெழுத்துப் போடலாம். அதனால இது சும்மா காகிதமும் இல்ல.)

அந்த ஃபார்ம்ல நான் பண்ணின ரெண்டு வேலை இருக்கு பாருங்க. அதான் இந்தக் கதையோட வில்லன்.

ஒண்ணு, எந்தெந்த வருஷத்துக்குன்னு எழுதற இடம். பிரச்சினை 2019-க்குத்தான். ஆனா வருங்கால வருஷங்களையும் எழுதலாம். ஃபார்ம் அவங்க கைக்குப் போற வருஷம் முடிஞ்சு அதுக்கு மேல மூணு வருஷம் வரைக்கும். அதாவது 2021-ல குடுத்தா 2024 வரை. நான் என்ன பண்ணேன்? "எதுக்கு திரும்பத் திரும்பக் கையெழுத்து"ன்னு 2019-லேர்ந்து 2024 வரைக்கும் போட்டுட்டேன். முன்யோசனையாம்.

ரெண்டாவது, நோட்டீஸோட நகல் பிரதிநிதிக்கும் வரட்டும்னு ஒரு குட்டிக் கட்டம். அதுல டிக்.

அம்மாடி, எவ்வளவு சமத்து நான்.

2023 பிப்ரவரியில அந்தப் பையன்கிட்டேர்ந்து மெசேஜ். "அக்கா, ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு ஒருத்தர் ரிட்டர்ன் பண்றார், கொஞ்சம் கம்மியா. தப்பா எடுத்துக்காதீங்க." நான் தப்பா எடுத்துக்கல. (எடுத்துக்கிட்டேன். ஒரு வாரம்.) முறைப்படி, "இனிமே உங்க வரி விஷயத்துக்கு நான் பொறுப்பில்ல"ன்னு அழகா ஒரு கடிதம் அனுப்பினேன். அவங்க காகிதமெல்லாம் திருப்பிக் குடுத்தேன். அதுல என் ஃபீஸ் 350 டாலர் பாக்கி. பாக்கியைக் குடுத்தாதான் ஃபைல்னு பிடிச்சு வெச்சுக்கலாமான்னு ஒரு நிமிஷம் கை நமநமன்னுச்சு. கூடாது. எங்க தொழிலுக்கான நடத்தை விதிப் புத்தகம் சர்க்குலர் 230-ல 10.28-னு ஒரு பிரிவு. கிளையண்ட் கேட்டா அவரோட காகிதத்தை உடனே திருப்பிக் குடுக்கணும், ஃபீஸ் தகராறு அதுக்குச் சாக்கு ஆகாது. மாநிலச் சட்டம் கொஞ்சம் இடம் குடுத்தாலும், ரிட்டர்னோட இணைக்க வேண்டியதையாவது குடுத்தே ஆகணும். குடுத்தேன். 350 இன்னும் வரல. அது வேற கதை.

ஆக கடிதம் போச்சு, காகிதம் போச்சு, வாட்ஸாப்ல கும்பிடு போட்டாச்சு. உறவு முடிஞ்சுது.

எங்களுக்குள்ளதான் முடிஞ்சுது. ஐ.ஆர்.எஸ்.க்கு யாரு சொன்னா?

யாரும் சொல்லல! நானும் சொல்லல, அவனும் சொல்லல. அங்க சி.ஏ.எஃப்.னு ஒரு பெரிய பதிவேடு. யாருக்கு யாரு பிரதிநிதின்னு எழுதி வெச்சிருக்கற பேரேடு. அதுல நாங்க இன்னமும் ஒத்துமையா இருக்கோம்.

"புது ஆளு வந்ததும் உங்க பேரு தானா போயிருக்கணுமே?"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டார் (மனுஷன் கட்டடத் தொழில், ஆனா கேள்வி மட்டும் வக்கீல் மாதிரி). பாதி சரி. அதே வரிக்கு, அதே வருஷத்துக்குப் புது 2848 போனா பழசு தன்னால ரத்தாகும், பழசும் இருக்கட்டும்னு அதுக்கான கட்டத்துல டிக் போட்டு நகல் வெச்சாலொழிய. ஆனா புது ஆளு 2848 குடுக்கவே இல்ல. அவர் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறதோட சரி. ரிட்டர்ன்ல தயாரிச்சவர்னு கையெழுத்துப் போடறது வேற, பிரதிநிதி ஆகறது வேற. 8821-னு ஒரு ஃபார்ம் இருக்கு, தகவலைப் பாக்க மட்டும் அனுமதி. அதைக் குடுத்தாலும் என் 2848 அசையாது.

இதுல பொறாமைப்பட வேண்டிய ஒருத்தர் இருக்கார். 1040 ரிட்டர்ன் அடியில "இவர்கூடப் பேசிக்கலாம்"னு ஒரு பேரு போடுவோமே, அந்த ஆளு. அவரோட அதிகாரம் அடுத்த வருஷ ரிட்டர்னுக்கான கெடு தேதியோட தன்னால காலி. யாரும் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். ரயில் சினேகம் மாதிரி, ஸ்டேஷன் வந்ததும் இறங்கிடலாம்.

2848 அப்படி இல்ல. அது கல்யாணம்.

சரி, முதல் வேலையா அவனுக்கு மெசேஜ் போட்டேன். "தம்பி, 2024 வருஷத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கு. 21 நாள்தான். மாசம் அரை சதவீதம் அபராதம், அதுக்கு மேல 7 சதவீத வட்டி. பாத்துக்கோங்க."

பதில்: கட்டைவிரல்.

ஒரு மணி நேரம் கழிச்சு: "அக்கா, அதை அப்படியே அந்த அண்ணனுக்கு ஃபார்வர்டு பண்ணிடுங்களேன், நம்பர் தர்றேன்."

முடியாது தம்பி. உன் வரி விவரத்தை உன் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம நான் மூணாவது ஆளுக்குக் குடுத்தா அது குற்றம். 7216-னு சட்டப்பிரிவே இருக்கு. 1,000 டாலர் வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 350 டாலர் பாக்கி வெச்சிருக்கற பையனுக்காக நான் ஏன் களி திங்கணும்? அவனுக்கே அனுப்பினேன். அவன் யாருக்கு வேணா அனுப்பிக்கட்டும்.

அப்படியே, "2848-ஐ ரத்து பண்ணிடுங்க"ன்னும் எழுதினேன். கிளையண்ட் பண்றது ரொம்பச் சுலபம். பழைய ஃபார்மோட முதல் பக்கத்து மேல, ஆங்கிலப் பெரிய எழுத்துல "ரிவோக்"னு எழுதணும். அதுக்குக் கீழயே புதுசா ஒரு கையெழுத்து, அன்னிக்குத் தேதி. தபால்லயோ ஃபேக்ஸ்லயோ அனுப்பினா முடிஞ்சுது. நகல் இல்லையா, ஒரு வெள்ளைத்தாள்ல எந்த வரி, எந்த வருஷம், பிரதிநிதி பேரு, விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்.

"பண்றேன் அக்கா."

ஜூலையில கேட்டேன். "இந்த வீக்கெண்ட் பண்றேன் அக்கா."

ஆகஸ்ட்ல கேட்டேன். கட்டைவிரல்.

இதுக்குள்ள இன்னொரு கவர் வந்துடுச்சு. எனக்கு ஒரே எரிச்சல். அவன் மேலகூட இல்ல, என் மேல. ஏன்னா அவனுக்காக நான் காத்துக்கிட்டு இருக்கவே வேண்டாமே! பிரதிநிதியே விலகிக்கலாம். அதே ஃபார்ம், அதே இடம். "ரிவோக்"குக்குப் பதிலா "வித்ட்ரா"ன்னு எழுதி, கீழ நான் கையெழுத்துப் போட்டுத் தேதி போடணும். அவன் கையெழுத்தே தேவையில்ல. இதை நான் பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். ஆனா என்னமோ, நாமளே போய் "எனக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்ல"ன்னு எழுதிக் குடுக்கறது வாங்கின மொய்யைத் திருப்பிக் குடுக்கற மாதிரி ஒரு கூச்சம். நம்ம ஊர்ல ஆடிட்டர்னா தாத்தா காலத்துலேர்ந்து ஒரே ஆளுதானே? ஆடிட்டரை மாத்தினா எதிர்ல வரும்போது தெருவை மாத்தி நடப்பாங்க. (அங்கயும் ஒட்டிக்கிட்டு வர்ற விஷயம் உண்டு. எங்கண்ணன் ஆடிட்டரை மாத்தி ஒரு வருஷம் ஆகியும் வருமான வரி போர்ட்டலோட ஓடிபி பழைய ஆடிட்டர் போனுக்கே போய்க்கிட்டு இருந்துச்சு. ஆரம்பத்துல அவர் நம்பரைத்தான் குடுத்திருந்தாங்க. ஓடிபி கேக்கறதுக்காக நாலு தடவை அவர் வீட்டுல காபி குடிச்சுட்டு வந்தான்.)

கூச்சத்தை ஓரமா வெச்சுட்டு வேலையில இறங்கினேன்.

முதல் முயற்சி. ஃபார்ம் நகலை எடுத்து மேல "வித்ட்ரா"ன்னு கொட்டை எழுத்துல எழுதினேன். அங்க உக்காந்திருக்கறவங்க கண்ணுல படட்டும்னு மேல மஞ்ச ஹைலைட்டர் ஒரு இழுப்பு. பக்கத்துக் கடைக்குப் போய் ஃபேக்ஸ் பண்ணேன். (ஆமா, ஃபேக்ஸ். 2025-ல. கடைக்காரப் பையன் அந்த மெஷினைத் துடைச்சுட்டுத்தான் ஆன் பண்ணினான்.) வீட்டுக்கு வந்து கடை குடுத்த ரசீதுல இருந்த குட்டிப் படத்தைப் பாத்தா, மேல வெறும் கறுப்புப் பட்டை. ஹைலைட்டர் ஃபேக்ஸ்ல கறுப்பா விழுந்திருக்கு! நான் விலகின சேதி மேலயே தார் பூசி அனுப்பியிருக்கேன். போதாததுக்கு, புதுக் கையெழுத்தும் தேதியும் போடவே இல்ல. 2021-ல போட்ட பழைய கையெழுத்து அடியில இருக்கேன்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது முயற்சி. ஹைலைட்டர் இல்ல. கையெழுத்து, தேதி எல்லாம் பக்கா. மெம்ஃபிஸுக்கு அனுப்பினேன். நியூ ஜெர்ஸிக்காரங்களுக்கு மெம்ஃபிஸ்தான், எல்விஸ் பிரெஸ்லி ஊரு, பத்து வருஷமா அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். ராத்திரி படுத்ததும் பொறி தட்டுச்சு. அந்தக் குடும்பம் இப்ப நியூ ஜெர்ஸியிலயே இல்ல, டெக்சஸுக்குப் போயாச்சு. எங்க அனுப்பணும்கற பட்டியல்ல டெக்சஸுக்கு யூட்டா மாநிலத்துல இருக்கற ஆக்டன்னு போட்டிருக்கு.

மூணாவது முயற்சி. ஆக்டன். கடைக்காரப் பையன், "மறுபடியுமா?"ன்னான். ஃபேக்ஸ் போச்சு. வெற்றி. வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன்.

ஆறு வாரம் நிம்மதி.

அப்புறம் ஒரு கவர்.

பிரிச்சேன். அதே பாக்கி, அதே வருஷம். ஆனா பேரு அவனோடது இல்ல.

அவன் வொய்ஃபோடது.

தலையில அடிச்சுக்கிட்டேன். புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஒரே ரிட்டர்ன் போட்டாலும், 2848 மட்டும் ஆளுக்கு ஒண்ணு. 2012-லேர்ந்து அப்படித்தான். நானே ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கையெழுத்து வாங்கியிருக்கேன், ரெண்டும் என் ஃபைல்ல அடுத்தடுத்து இருக்கு. நான் விலகினது புருஷன்கிட்டேர்ந்து மட்டும். பொண்டாட்டிக்கு நான் இன்னும் பிரதிநிதி. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். "மாப்பிள்ளை வீட்டோட மட்டும் சண்டை போட்டுட்டு வந்திருக்கே"ன்னார்.

(சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு ஜோடி பிரியும்போது இது உண்மையிலேயே முக்கியம். ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு பிரதிநிதியா இருந்தா அது நலன் மோதல். தொடரணும்னா ரெண்டு பேரும் விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு எழுத்துல சம்மதம் தரணும். இல்லன்னா விலகணும். அங்க ஒருத்தர் ஃபார்மை மட்டும் எடுத்துட்டு இன்னொண்ணை மறந்தா, ஒரு பக்கத்து ரகசியம் இன்னொரு பக்கம் ஒழுகும். எனக்கு நடந்தது வெறும் தபால் தொல்லை. அதுவரைக்கும் புண்ணியம்.)

நாலாவது தடவை அந்தக் கடைக்குப் போக வெக்கமா இருந்துச்சு. அப்பதான் எங்க வாட்ஸாப் குழுவுல ஒருத்தி கேட்டா, "ஏன் அக்கா, டேக்ஸ் ப்ரோ அக்கவுண்ட்ல போய் எடுத்துட வேண்டியதுதானே?"

என்னது?

2021 ஜூலையிலயே ஐ.ஆர்.எஸ். இதை ஆரம்பிச்சாச்சு. நான் ஒரு தடவை உள்ள போய், லைசென்ஸைக் காட்டு, முகத்தைக் காட்டு, தலையைத் திருப்புன்னதுல கடுப்பாகி மூடினவதான். இப்ப பொறுமையா தலையைத் திருப்பிக் காட்டினேன். உள்ள போனா, யாருக்கெல்லாம் நான் பிரதிநிதின்னு வரிசையா இருக்கு. பக்கத்துலயே விலகறதுக்கும் வழி. அவன் வொய்ஃப் பேரைத் தேடினேன். அழுத்தினேன். நிச்சயமாவான்னு கேட்டுச்சு. நிச்சயமா.

ரெண்டு நிமிஷம். மெம்ஃபிஸும் இல்ல, ஆக்டனும் இல்ல. ஹைலைட்டரும் இல்ல.

இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடி பாவி!

மறுநாள் குளிக்கும்போது இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. மாநிலம்! ஐ.ஆர்.எஸ்.ல விலகினா நியூ ஜெர்ஸிக்குத் தெரியாது. அதுக்கு எம்-5008-ஆர்னு தனி ஃபார்ம். மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு நியூ யார்க்குல பி.ஓ.ஏ.-1. அதையும் தனித்தனியா முடிச்சாகணும். முடிச்சேன். அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல, போரடிக்கற அளவுக்கு ஒழுங்கா நடந்துச்சு.

இவ்வளவு ஆனதும் ஒரு பயம் வந்துச்சு. இவங்க ரெண்டு பேரே இப்படின்னா, பத்து வருஷத்துல இன்னும் எத்தனை பேரு எனக்குத் தெரியாமலே என் தலையில உக்காந்திருக்காங்க? நம்ம ஆர்.டி.ஐ. மாதிரி இங்க 1966-லேர்ந்து தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கு. அதுல விண்ணப்பம் போட்டா, என் சி.ஏ.எஃப். நம்பர்ல பதிவாகியிருக்கற மொத்த ஆளுங்களையும் பட்டியலாத் தருவாங்க. அதுக்குப் பேரு சி.ஏ.எஃப். 77. போட்டேன்.

வந்துச்சு. 61 பேரு.

இன்னிக்கு எனக்கு ஐ.ஆர்.எஸ். வழக்குன்னு இருக்கறது ஒன்பது.

காபி போட்டு எடுத்துக்கிட்டு ஒவ்வொரு பேரா டிக் அடிச்சேன். பழைய கல்யாண ஆல்பம் புரட்டற மாதிரிதான் இருந்துச்சு. இவங்க சென்னைக்கே திரும்பிப் போயிட்டாங்க. இது மூடின கம்பெனி, இட்லி மாவு வித்தாங்க, நல்ல மாவு. இந்தப் பொண்ணு என்கிட்ட ரிட்டர்ன் போட வந்து அப்புறம் தானே பரீட்சை எழுதி இப்ப எனக்கே போட்டி.

நாப்பத்தி மூணாவது பேருல நின்னுட்டேன்.

தஞ்சாவூர் மாமா ஒருத்தர். சொந்தமில்ல, கோயில்ல பழக்கம். பையன்கூட இருக்க வந்து, இங்கயே தங்கிட்டவர். ஒவ்வொரு மார்ச்சும் காகிதமெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில போட்டு, மேல வெத்தலைக் கட்டு மாதிரி ரப்பர் பேண்ட் சுத்தி எடுத்துக்கிட்டு வருவார். "அம்மாடி, எல்லாம் இருக்கா பாரு"ம்பார். எல்லாம் இருக்கும். என்னைவிட ஒழுங்கா அடுக்கியிருப்பார். பென்ஷன் விஷயமா ஒரு நோட்டீஸ் வந்தப்ப 2848 குடுத்தார். கையெழுத்துப் போட்டுட்டு, "இனிமே நான் உன் பொறுப்பு"ன்னு சிரிச்சார்.

அவர் தவறி மூணு வருஷம் ஆச்சு. ஆளு போனதோட அவர் குடுத்த அதிகாரமும் சட்டப்படி போயிடும். அதுக்கு மேல ஏதாவது இருந்தா, அவர் சொத்துக்குப் பொறுப்பானவங்க ஃபார்ம் 56 குடுத்து, அவங்க கையெழுத்துல புது 2848 குடுக்கணும். அவர் பையன் குடுத்தான், கடைசி ரிட்டர்னும் போட்டாச்சு. ஆனா இந்தப் பட்டியல்ல அவர் பேரு மட்டும் அப்படியே இருக்கு. பக்கத்துல என் பேரு.

நகலைத் தேடி எடுத்தேன். அந்த நடுங்கின தமிழ்க் கையெழுத்து. இவர் ஃபார்ம்ல "வித்ட்ரா"ன்னு எழுதறதுக்கு எனக்குக் கை வரல. நகல் இல்லாதவங்களுக்காக ஒரு வழி வெச்சிருக்காங்கன்னு சொன்னேனே, வெள்ளைத்தாள் வழி? பிரதிநிதிக்கும் அதே வசதி உண்டு. பேரு, நம்பர், விலாசம் எழுதி, எல்லா வருஷத்தையும் எடுத்துடுங்கன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டா சரி. அவருக்கு மட்டும் அப்படி எழுதி அனுப்பினேன். ஃபார்ம் என் ஃபைல்லயே இருக்கு.

மத்ததெல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சுது. ஒரு சனிக்கிழமை உக்காந்து 50 பேர்கிட்டேர்ந்து விலகினேன். சாமியாராகறவங்ககூட ஒரே நாள்ல இத்தனை பேரைத் துறந்திருக்க மாட்டாங்க.

அப்புறம் என்ன, தொழிலும் கொஞ்சம் மாறிடுச்சு. இப்பெல்லாம் 2848-ல எந்த வருஷத்துக்குப் பிரச்சினையோ அந்த வருஷம் மட்டும்தான் எழுதறேன். முன்யோசனைக்கு முழுக்கு. வழக்கு முடிஞ்ச அன்னிக்கே விலகிட்டு, அந்தத் திரையைப் படம் பிடிச்சு ஃபைல்ல போட்டுக்கறேன். கிளையண்ட்கிட்ட முதல் நாளே சொல்லிடறேன், "வேலை முடிஞ்சதும் பேரை எடுத்துடுவேன், கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைக்கக் கூடாது." ஒரு அம்மா கேட்டாங்க, "அப்போ மறுபடி நோட்டீஸ் வந்தா?" வந்தா மறுபடி ஒரு கையெழுத்துங்க. மொய் இல்ல, பந்தி இல்ல.

நீங்களும் ஒரு காரியம் பண்ணுங்க. பழைய வரி ஆளை மாத்தியிருந்தா, அவருக்கு 2848 குடுத்தோமான்னு யோசிச்சுப் பாருங்க. குடுத்திருந்தா, உங்க வீட்டு நோட்டீஸை அவரும் அவங்க வீட்டு ரசம் கருகக் கருகப் படிச்சுக்கிட்டு இருக்கலாம். நல்ல மனுஷனாவே இருப்பார். இருந்தாலும் உங்க பாக்கி எவ்வளவுன்னு அவருக்கு எதுக்குத் தெரியணும்?

கணக்கு சரியா போடறவங்க இந்நேரம் கேப்பீங்க. 61-ல வழக்கு ஒன்பது. அந்தப் பையனோட வொய்ஃபை அப்பவே எடுத்தாச்சு, பட்டியல் அதுக்கப்புறம் வந்ததுதான். மாமாவுக்குக் கடிதம் போயாச்சு. சனிக்கிழமை 50. ஒண்ணு எங்கன்னு.

அது என் கொழுந்தனார்.

2020-ல அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தப்ப வாங்கின 2848. ரெண்டு வருஷமா அவர் ரிட்டர்ன் என்கிட்ட வரல. வேற ஒருத்தர்கிட்டப் போறார்னு ஓரகத்தி வாய் தவறிச் சொல்லித்தான் தெரியும். அவர் என்கிட்ட சொல்லல, நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா கிரிக்கெட் பேசுவோம்.

அந்தச் சனிக்கிழமை கர்சரை அந்தப் பேரு மேல கொண்டு போய் வெச்சேன். பின்னாடி நின்னுக்கிட்டிருந்த வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல. தொண்டையை மட்டும் செருமினார்.

ஞாயித்துக்கிழமை பொங்கல் சாப்பாடு அவங்க வீட்டுலதான். வடைக்கு உளுந்து ஊறப்போடணும்.

திங்கட்கிழமை பாத்துக்கறேன்.